நாற்பத்தேழாம் நம்பர்

திருப்பதியில் விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்திருக்கிறவர்கள் இரண்டு வகை. மலைக்குப் போகிறவர்கள், மலையிலிருந்து இறங்கி ரயில் பிடிக்கிறவர்கள். பிரமிளா இரண்டிலும் சேர்த்தி இல்லை. பதினொரு வருஷப் பழக்கம், நாலரைக்குக் கண் தானாகத் திறந்துகொள்ளும். எழுந்து உட்கார்ந்ததும் கட்டிலுக்கு அடியில் கையை விட்டு டார்ச் லைட்டைத் துழாவுவாள். லேடீஸ் ஹாஸ்டலில் ஏது டார்ச் லைட்? கைக்குச் செருப்புதான் அகப்படும்.

அறையில் இன்னும் மூன்று பேர். மூவரும் ஏதோ அரசாங்கப் பரீட்சைக்குப் படிக்கிற பெண்கள், இருபத்திரண்டு வயதைத் தாண்டாதவர்கள். பிரமிளாவை ஆன்ட்டி என்று கூப்பிடுவார்கள். முப்பத்து நாலு வயதில் ஆன்ட்டி ஆவது ஒன்றும் குற்றமில்லைதான். ஆனால் ஊரில் அவளை விடப் பெரியவர்கள் எல்லாரும் பாப்பா என்றே கூப்பிட்டதால், முதல் ஒரு வாரம் ஆன்ட்டி என்று கூப்பிட்டபோது யாரையோ என்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் தூங்குகையில் விளக்குப் போடக்கூடாது. இருட்டிலேயே குளித்து, இருட்டிலேயே புடவை கட்டி, மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொள்வாள். கார்த்திகை மாசம். பத்து நாளாகவே மழை விட்டு விட்டுப் பெய்கிறது. தெருவில் மொட்டை போட்ட ஒரு குடும்பம், அப்பன், பிள்ளை, இடுப்புக் குழந்தை என்று எல்லார் தலையிலும் சந்தனம் பூசி, பிளாஸ்டிக் கவரைக் கவிழ்த்துக்கொண்டு ஆட்டோவுக்கு நிற்கும். தினமும் நிற்கும், தினமும் வேறு குடும்பம். இத்தனை ஜனம் வந்து போகிற ஊரில் தன் பேர் தெரிந்தவர்கள் பத்துப் பேர் இருப்பார்களா என்று ஒருநாள் எண்ணிப் பார்த்தாள். ஹாஸ்டல் சமையல்காரம்மாவைச் சேர்த்தும் எட்டுதான் வந்தது.

அவள் ஊர், சித்தூரிலிருந்து வேலூர் போகிற ரோட்டில், குடிபாலாவுக்கு அப்பால் உள்ளே தள்ளி இருக்கிறது. பி.எஸ்ஸி. முடித்தாள், கல்யாணமாகி வேலூர்ப் பக்கம் போனாள், ஒன்றரை வருஷத்தில் திரும்பி வந்தாள். அதைப் பற்றி ஊரில் பேச வேண்டியதையெல்லாம் பேசித் தீர்த்துவிட்டார்கள், நாம் வேறு பேச வேண்டாம். வந்த வருஷமே ஊர்ப் பால் சென்டரில் டெஸ்டர் வேலை கிடைத்தது.

டெஸ்டர் வேலை சாமானியம் இல்லை. காலை ஐந்தரையிலிருந்து எட்டு வரை, சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரை கேன் வரிசை நிற்கும். கேனைத் திறந்தால் பாலை மோந்து பார்க்கக் கூடாது, மூடியை மோந்து பார்க்க வேண்டும். கெட்ட வாசனை மூடியில்தான் தங்கும். சந்தேகம் தட்டினால் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ஊற்றிக் கொதிக்க வைக்க வேண்டும். திரிந்தால் அந்தக் கேன் திரும்பிப் போக வேண்டியதுதான். திரியாவிட்டால் மிஷினில் வைத்து ஃபேட் பார்த்துச் சீட்டு எழுத வேண்டும், எத்தனை கொழுப்போ அத்தனை காசு. அங்கே யாருக்கும் பேர் கிடையாது, நம்பர்தான். அத்தை, சித்தி, பங்காளி எல்லாம் சென்டருக்கு வெளியே. அவள் அம்மா பொன்னியம்மாளின் நம்பர் நாற்பத்தேழு. பதினொரு வருஷம், காலையிலும் மாலையிலும், பெற்ற தாயை அவள் "நாப்பத்தேழு, வா" என்றுதான் கூப்பிட்டாள்.

நாற்பத்தேழின் பாலில் ஃபேட் எப்போதும் மூன்று புள்ளி எட்டு. சீமைக் கலப்பு மாடு, தண்ணீராகக் கறக்கும். வரிசையில் நிற்கிற பெண்கள் சீண்டுவார்கள்.

"இன்னாக்கா, பொண்ணு டெஸ்டரா குந்திக்கினு கீது, நீ இன்னும் மூணு எட்டுலயே நிக்கிற? ஒரு புள்ளி ஏத்திப் போடச் சொல்றதுதான?"

"மாடு குடுக்கறதத்தான அவ எழுதுவா," என்பாள் பொன்னியம்மாள்.

ஒரு ஆடி மாசம், காற்று மாறி அடித்த நாளில், நாற்பத்தேழின் மூடியில் புளிப்பு அடித்தது. குழாயில் கொதிக்க வைத்தாள். திரிந்தது. முப்பது பேர் பார்க்க, "புளிச்சிப்பூட்ச்சி. எடுத்துக்கினு போ," என்றாள். பொன்னியம்மாள் மூடியை அழுத்தி மூடினாள். கேனை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசைக்கு எதிர்த்திசையில் நடந்துபோனாள். மத்தியானம் வீட்டுக்குப் போனால் களியும் வேர்க்கடலைச் சட்னியும் தட்டில் இருந்தது. அம்மா கேனைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "நேத்து சரியா கழுவல நானு," என்றாள். அவ்வளவுதான். அதன் பிறகு அந்தப் பேச்சே எழவில்லை.

போன தை மாசம் நாலு நாள் காய்ச்சலில் பொன்னியம்மாள் போய்விட்டாள். சித்திரையில் சென்டருக்குப் புது மிஷின் வந்தது. கேனை வைத்தால் அதுவே எடை பார்க்கும், அதுவே ஃபேட் பார்க்கும், ஊற்றினவர் போனுக்கு அதுவே மெசேஜும் அனுப்பும். மோந்து பார்க்கிற வேலை மட்டும்தான் பாக்கி, அதை செகரெட்ரி தணிகாசலமே பார்த்துக்கொள்வார் என்று ஆகிவிட்டது. தணிகாசலத்துக்குச் சளி பிடித்தால் என்ன செய்வார்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. பிரமிளா வீட்டுக்கு அனுப்பப்பட்டாள்.

வீட்டில் அவளும் நைனா சிட்டிபாபுவும்தான். இரண்டு பேருக்கும் நடுவில் பேசிக்கொண்டிருந்தவள் பொன்னியம்மாள். அவள் இல்லாமல் எப்படிப் பேசுவது என்று அப்பனுக்கும் தெரியவில்லை, மகளுக்கும் தெரியவில்லை. காலையில் பால் ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு போகும்போது பிரமிளா பாதி எழுந்து மறுபடி உட்காருவாள். அந்தச் சமயத்தில்தான் பேப்பருக்குள் வைத்து வந்த ஒரு நோட்டீஸைப் பார்த்தாள். 'ஏதாவது டிகிரி போதும். நாலே மாதத்தில் ஐ.டி. வேலை. சாஃப்ட்வேர் டெஸ்டிங்.' டெஸ்டிங் என்ற சொல்லில் அவள் கண் நின்றுவிட்டது.

"இன்னா கோர்ஸு?" என்றார் நைனா.

"டெஸ்டிங் நைனா."

"அதான் இங்கியே பண்ணிக்கினு இருந்தியே."

"இது கம்ப்யூட்டர்ல பண்றது."

"கம்ப்யூட்டர்ல இன்னா, பாலா வருது?"

"பால் இல்ல நைனா. கம்ப்யூட்டர்ல ஒரு வேல செஞ்சி வெச்சிருப்பாங்க. அதுல இன்னா தப்பு கீதுன்னு நாம கண்டுபுடிக்கணும்."

அவர் கொஞ்ச நேரம் வைக்கோலைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

"வருசம் திரும்பட்டும். அவ வருசம் திரும்பறதுக்குள்ள வூட்ட பூட்டிக்கினு போனா நல்லாவா கீது?"

"வூட்ட எதுக்கு பூட்டணும்? நீ கீறியே."

"நான் கீறனா?" என்றார் நைனா.

வைகாசி முதல் வாரத்தில் கிளம்பிவிட்டாள். பஸ் ஏறும் வரை அவர் தொழுவத்திலிருந்து வெளியே வரவில்லை. அடுத்த வாரம் மாட்டை விற்றுவிட்டார் என்று தணிகாசலம் போனில் சொன்னார். அன்றிலிருந்து அவள் கூப்பிட்டால் நைனா எடுப்பதில்லை. வீட்டில் இருக்கிற பட்டன் போன் பொன்னியம்மாளுடையது. பிரமிளாவின் போனில் அந்த நம்பர் 'அம்மா' என்றுதான் இருக்கிறது. அம்மா, அம்மா என்று அது அடித்து அடித்து ஓய்ந்துபோகும். இரண்டு தடவை ஊருக்குப் போய்ப் பார்த்தாள். சோறு போட்டால் சாப்பிட்டார், தட்டைக் கழுவி வைத்தார், காலியான தொழுவத்தில் கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொண்டார். பேசவில்லை. ஆறு மாசமாகி, நைனாவின் குரல் எப்படி இருக்கும் என்பதே அவளுக்குச் சரியாக நினைவுக்கு வராமல் போயிற்று. அதை நினைத்தால் பயமாக இருந்தது.

கோர்ஸ் முடிந்து வேலைக்கு எழுதிப்போட்டபோது நடந்தது தமாஷ். 'டெஸ்டிங் அனுபவம்' என்று கேட்டிருந்த இடத்தில் அவள் உள்ளதைப் போட்டாள், பதினொரு வருஷம் என்று. இரண்டு கம்பெனிக்காரர்கள் அதைப் பார்த்துப் பெரிய உத்தியோகத்துக்குக் கூப்பிட்டு, விஷயம் பால் என்று தெரிந்ததும் டீ கொடுத்து அனுப்பிவைத்தார்கள். மூன்றாவது கம்பெனி அவளைச் சேர்த்துக்கொண்டது, விஷயம் பால் என்பதாலேயே. மலையடிவாரத்து அலிபிரிக்குப் போகிற ரோட்டில், ஒரு மருந்துக் கடைக்கு மேல் இரண்டாவது மாடி. பால் சென்டர்களுக்கு மிஷினும் போனும் பேசிக்கொள்கிற சாஃப்ட்வேர் செய்கிறார்கள். அவளை வீட்டுக்கு அனுப்பிய மிஷினுக்கு உள்ளே இருப்பதும் இவர்கள் செய்ததுதான். அதைத் தெரிந்துகொண்ட அன்று மத்தியானம் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் மூன்று மாசம் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்கிறோம் என்றிருந்தார்கள், அதனால் மோரைக் குடித்துவிட்டு வேலையைப் பார்த்தாள்.

டீம் லீடர் ஸ்ரீஹரி, இருபத்தேழு வயசு. திருப்பதியிலேயே பிறந்த வைஷ்ணவப் பிள்ளை, அப்பா கோவில் கைங்கர்யத்தில் இருக்கிறார். பக்கத்து நாற்காலி ரோஜா, காளஹஸ்தியிலிருந்து வருகிற தெலுங்குப் பெண். ஆபீஸில் தெலுங்கு ஓடும், இங்கிலீஷ் ஓடும். ஸ்ரீஹரி மட்டும் அவளிடம் தமிழில் பேசுவான். "சாப்ட்டேளா மேடம்?" என்பான். அந்தத் தமிழுக்கு முன்னால் தன் தமிழை எடுத்து வைக்க அவளுக்குக் கூச்சம். 'துன்னுட்டேன்' என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிவிட்டு, "சாப்பிட்டேன் சார்" என்பாள். ஒரு நாளைக்கு அவள் பேசிய வார்த்தைகளைக் கூட்டினால் ஒரு சீட்டில் எழுதிவிடலாம்.

வேலை இதுதான். பரீட்சைக்கென்று தனியாக ஒரு சென்டர், கம்ப்யூட்டருக்குள் மட்டும் இருக்கிற சென்டர். அதில் பொய்யாக ஆட்களைச் சேர்க்க வேண்டும், பொய்யாகப் பால் ஊற்ற வேண்டும், கணக்கு எங்காவது இடறுகிறதா என்று பார்க்க வேண்டும். ரோஜா 'டெஸ்ட் ஒன்று, டெஸ்ட் இரண்டு' என்று ஆட்களுக்குப் பேர் வைப்பாள். 'அஅஅ' என்றும் வைப்பாள். பிரமிளாவுக்கு அப்படி வைக்கக் கை வரவில்லை. அஅஅ என்பவள் எந்தத் தெருவில் இருக்கிறாள், என்ன மாடு வைத்திருக்கிறாள்? ஒன்றாம் நம்பருக்குத் தன் ஊர் ஒன்றாம் நம்பரையே போட்டாள், மேட்டுத்தெரு கேசவன், எருமை. இரண்டு, வள்ளி, இரட்டைக் கன்று போட்ட செவலை. இப்படியே போட்டுக்கொண்டு போனதில் பத்து நாளில் ஊரே திரையில் வந்து வரிசை கட்டி நின்றது. போன் நம்பர் கேட்டால் ஒன்றில் தொடங்குகிற ஏதோ பத்து இலக்கத்தைத் தட்டுவாள், அப்படி ஒரு போன் எங்கும் கிடையாது. காலை ஏழு மணிக்கே ஆபீஸுக்கு வந்துவிடுவாள். வாட்ச்மேன் கதவைத் திறந்துவிட்டு, "இத்தனை சீக்கிரம் என்னம்மா வேலை?" என்று தெலுங்கில் கேட்பார். பால் நேரம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? லைட்டைப் போட்டு உட்கார்ந்து, கேசவனை ஊற்றவைப்பாள், வள்ளியை ஊற்றவைப்பாள். சாயங்காலம் ஐந்தரைக்கு மறுபடியும். திருப்பதி வந்த பிறகு அந்த இரண்டு அரை மணி நேரம்தான் அவளுக்குத் தனியாக இருக்கிற நினைப்பு வராத நேரம்.

நாற்பத்தேழை மட்டும் விட்டுவிட்டிருந்தாள். நாற்பத்தாறுக்குப் பிறகு நாற்பத்தெட்டு. ஒரு வியாழக்கிழமை காலை, மழையில் ஜன்னல் கண்ணாடி நடுங்கிக்கொண்டிருந்தபோது, அந்த இடைவெளியைப் பார்க்கப் பொறுக்காமல் அதையும் போட்டுவிட்டாள். பொன்னியம்மாள். பசு. போன் நம்பர் கேட்ட இடத்தில் கை தானாக ஓடியது. அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் உலகத்திலேயே அது ஒன்றுதான். ஃபேட் கேட்ட இடத்தில் மட்டும் கொஞ்சம் நின்றாள். பசும்பாலுக்கு அந்த சாஃப்ட்வேரில் உச்சவரம்பு ஐந்து. நாலு புள்ளி ஒன்பது என்று அடித்தாள். வாங்கிக்கொண்டது. பதினொரு வருஷத்தில் ஒரு நாளும் கொடுக்காததைக் கொடுத்துவிட்ட சந்தோஷத்தில் அன்று காலை டப்பாவில் கொண்டுவந்த ஹாஸ்டல் உப்புமாகூட ருசியாக இருந்தது. அன்று மாலையும் நாலு ஒன்பது. மறுநாளும் நாலு ஒன்பது. ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் லீவு, அன்று மட்டும் இல்லை.

பதினோரு நாள் கழித்து, திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு ஸ்ரீஹரி எல்லாரையும் கூப்பிட்டான். கையில் ஒரு மெயிலை அச்செடுத்து வைத்திருந்தான். முகம் சரியில்லை.

"ஒரு சென்டர்லேர்ந்து கம்ப்ளெயின்ட் வந்திருக்கு. செத்துப்போன ஒரு மெம்பர் பேருக்கு டெய்லி ரெண்டு வேளை பால் ஊத்தினதா மெசேஜ் போறதாம். அவா சிஸ்டத்துல அப்படி என்ட்ரியே இல்லை. நம்ம டெஸ்ட் சர்வர்லேர்ந்துதான் போயிருக்கு." பிறகு தெலுங்கில், போன வாரத்துக்கு முந்தின வாரம் பரீட்சைக் கணக்கின் மெசேஜ் வெளியே போகாமல் அடைத்து வைக்கிற கதவை யார் திறந்தது, யார் மூட மறந்தது என்று ஆளாளுக்குக் கேட்டான். இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அது இருக்கட்டும். நிஜ நம்பரை யார் போட்டது? மெம்பர் நம்பர் ஃபார்ட்டி செவன்."

பிரமிளா எழுந்து நின்றாள்.

"நான்தான் சார்."

"மொத நாளே சொன்னேனே மேடம், நிஜ நம்பர் போடப்படாதுன்னு. யார் இந்தப் பொன்னியம்மாள்?"

"எங்கம்மா."

ஸ்ரீஹரி காகிதத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். மறுபடி காகிதத்தைப் பார்த்தான். மற்றவர்கள் எழுந்து அவரவர் இடத்துக்குப் போனார்கள். ரோஜா போகும்போது அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

"நான் மேல எழுதித்தான் ஆகணும்," என்றான் மெதுவாக. "உங்களை கன்ஃபர்ம் பண்றது ஒரு மாசம் தள்ளிப் போகும், அவ்ளோதான். வேலைக்கு ஒண்ணும் வராது, நான் பாத்துக்கறேன். மெசேஜை இப்பவே அடைச்சுட்டேன். அந்த ரெக்கார்டை நீங்களே எடுத்துடுங்கோ. இன்னிக்கி முடியலைன்னா நாளைக்குக் காலம்பற எடுங்கோ."

அவள் படிக்கட்டுக்குப் போனாள். பயம் வேலையை நினைத்து இல்லை. அந்தப் பட்டன் போன் நைனாவின் சட்டைப் பையில் இருக்கிறது. பதினோரு நாளாக, வேளைக்கு ஒன்றாக, அவர் பையில் அது சத்தம் போட்டிருக்கிறது. பேசாமல் இருக்கிற மனிதரைச் செத்தவள் பேரைச் சொல்லித் தினம் இரண்டு தடவை குத்தியிருக்கிறேன், இனி ஜென்மத்துக்கும் பேச மாட்டார் என்று நினைத்துக்கொண்டாள். நைனாவைக் கூப்பிடப் பயந்துகொண்டு தணிகாசலத்தைக் கூப்பிட்டாள்.

"பாப்பாவா? நல்லா கீறியா?"

"கீறேன் மாமா. நைனா எப்பிடி கீறாரு?"

"அத ஏன் கேக்கற. உன்கிட்ட சொல்லலாமா வாணாமான்னே இருந்தேன். இங்க ஒரு கூத்து நடந்துக்கினு கீது. உங்கம்மா நம்பர்ல பால் ஊத்தறதா மெசேஜ் வருது பாப்பா. மொத நாளு போன எடுத்துக்கினு ஓடியாந்தாரு. 'தணிகாசலம், நம்பரு எனுக்குத் தெரியுது, இங்கிலீஷ்ல இன்னா போட்டுகீதுன்னு பட்ச்சி சொல்லு'ன்னாரு. பட்ச்சன். நாப்பத்தேழு, பொன்னியம்மாள், காலை, அஞ்சு லிட்டர், ஃபேட் நாலு ஒம்போது, நன்றின்னு போட்டுகீது. நான் கள்ளக் கணக்கு எழுதறேன்னு ஊர்ல சொல்லிட்டா என் பொழப்பு இன்னா ஆவறது? ஒரு வாரம் பாத்துட்டு ஆபீஸுக்கு எழுதிப்போட்டேன்."

"நைனா கத்தினாரா மாமா?"

"கத்துவாருன்னுதான் நானும் பாத்தேன். கம்முனு நின்னாரு. 'நாலு ஒம்போதா? இன்னொருவாட்டி பட்ச்சி சொல்லு'ன்னாரு. சொன்னேன். 'வுடு, ஆபீஸுக்கெல்லாம் எழுதாத, வந்தா வந்துட்டுப் போவுது'ன்னுட்டுப் பூட்டாரு. அதுக்கப்பறம் பாரு, தெனிக்கும் ஏழு மணிக்கு தொழுவத்துல கட்டில் போட்டு போன கையில வெச்சிக்கினு குந்திக்கினு கீறாரு. மழ பெய்யிது, சாரல் அடிக்கிது, எழுந்து உள்ள போறதில்ல. மெசேஜ் வந்தப்பறம்தான் பல்லு வெளக்கறாரு. மொத ஞாயித்துக்கெழம வர்ல. எட்டு மணிக்கு சென்டருக்கு வந்துட்டாரு. அத்தினி பேரு நிக்கறாங்க, எல்லாத்துக்கும் முன்னால கேக்கறாரு, 'இன்னிக்கி நாப்பத்தேழு ஊத்தலியா?'ன்னு. நான் இன்னா சொல்லுவேன் பாப்பா? இல்ல மாமான்னேன். 'ஒடம்பு கிடம்பு சரியில்லியோ இன்னாவோ'ன்னுட்டுப் போறாரு. பொம்பளைங்கல்லாம் முந்தானைல மூஞ்ச தொடச்சிக்கினாங்க. அவுருக்கு புத்தி ஏதாச்சும் பிசகிட்ச்சோன்னுதான் எனுக்கு பயம்."

பிரமிளா சுவரில் சாய்ந்துகொண்டாள். எதிரே அலிபிரி ரோட்டில் பஸ்கள் வரிசையாக மலைக்குப் போய்க்கொண்டிருந்தன.

"அது நான்தான் மாமா அனுப்பிச்சது. வேணும்னு இல்ல. இங்க பொய்க்கணக்கு போட்டு பாக்கறதுதான் வேல. அம்மா பேரு போட்டேன். அது அங்க வரும்னு எனுக்குத் தெரியாது."

"ஏன் பாப்பா, ஒரு வார்த்த என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். பிறகு, "உனுக்கு வேற இன்னா பேர் வெக்கறதுன்னு தெரியாமத்தான வெச்சிருப்ப," என்று அவரே சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

"இனிமே வராது மாமா. நிறுத்திட்டாங்க. நைனாகிட்ட நீயே சொல்லிடு."

"நான் சொல்றேன். ஆனா இன்னிக்கி சாய்ந்தரம் போன கையில வெச்சிக்கினு குந்திக்கினு இருப்பாரே, அத நெனச்சாதான்," என்று இழுத்துவிட்டு வைத்துவிட்டார்.

அன்று மாலை ஐந்தரைக்கு அவள் யாரையும் ஊற்றவைக்கவில்லை. மழை வலுத்து அடித்தது. ஆபீஸை விட்டு நேரே ஹாஸ்டலுக்கு வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "ஆன்ட்டி, தலைவலியா?" என்று தெலுங்கில் ஒரு பெண் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் புத்தகத்துக்குத் திரும்பிவிட்டது. அவள் அழுதாள். நன்றாகவே அழுதாள். அம்மா செத்த அன்று சென்டரில் வரிசை நிற்கிறதே என்று பாதி அழுகையில் எழுந்து போனவள், பாக்கி அழுகையை இப்போது அழுதாள்.

செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்கு ஆபீஸில் உட்கார்ந்து நாற்பத்தேழைத் திறந்து வைத்தாள். அழிக்கிற பட்டனுக்குப் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு ஏழே கால் வரை உட்கார்ந்திருந்தாள். அப்போது போன் அடித்தது. திரையில் 'அம்மா' என்று வந்தது.

எடுத்தாள். அந்தப் பக்கம் கொட்டகைத் தகரத்தில் மழை விழுகிற சத்தம் கேட்டது.

"இன்னிக்கி ஊத்தல," என்றார் நைனா.

கரகரத்த குரல். இதுதான், இப்படித்தான் இருக்கும் என்று அவளுக்கு உடனே நினைவு வந்துவிட்டது.

"நிறுத்திட்டாங்க நைனா. மாமா சொல்லலியா?"

"சொன்னான். சொன்னா இன்னா, நேரமானா கை போன எடுக்குது."

"நான்தான்னு மாமா சொன்னாரா?"

"அவன் இன்னா சொல்றது. எனுக்கு மொத நாளே தெரியும்."

"எப்பிடி நைனா?"

"நாலு ஒம்போதுன்னு பட்ச்சான். அந்த மாடு என்னிக்கி மூணு எட்டத் தாண்டிச்சி? மிஷினு குடுக்காது. தணிகாசலம் அவன் பொண்டாட்டிக்கே குடுக்க மாட்டான். உங்கம்மாவுக்கு நாலு ஒம்போது குடுக்கறவ இந்த ஒலகத்துல வேற எவ கீறா?"

பிரமிளா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவ பாத்திருந்தா சண்டைக்கி வந்திருப்பா," என்றார். "மாடு குடுக்கறதத்தான எழுதணும்னு."

"ஆமா நைனா."

அவர் வைத்துவிடுவாரோ என்று அவளுக்குப் பதறியது. ஆனால் பேச என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை போலிருக்கிறது. கனைத்துக்கொண்டார்.

"துன்னியா?"

அந்த நேரத்தில் ஸ்ரீஹரி, வழக்கத்தை விடச் சீக்கிரமாக, குடையை மடக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தான்.

"இன்னும் துன்னல நைனா," என்றாள் அவள், அறை முழுக்கக் கேட்கும்படி. "நீ துன்னியா?"

"பல்லு வெளக்கல இன்னும். மெசேஜ் வர்லியே." பிறகு, "சாய்ந்தரம் நீ போன் பண்ணு. அந்த டைமுக்கு."

"எடுப்பியா?"

"ஊத்தற டைமுக்கு பண்ணா எடுக்கறேன். கண்ட நேரத்துல பண்ணா எப்பிடி எடுக்கறது?"

"செரி நைனா. காலையிலியும் பண்றேன்."

"ஞாயித்துக்கெழமயும் பண்ணு. மாடு ஞாயித்துக்கெழம பாக்காது," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஸ்ரீஹரி அவள் பக்கம் பார்க்காமல் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டான். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். நாற்பத்தேழின் பேரில் மொத்தம் பத்தொன்பது வேளைப் பால் இருந்தது. பத்தொன்பதிலும் நாலு புள்ளி ஒன்பது. மேலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்து மூன்று புள்ளி எட்டு என்று திருத்தினாள். அவசரப்படாமல், சீட்டு எழுதுகிற மாதிரி, ஒவ்வொன்றையும் ஒரு தடவை சரிபார்த்தாள். கடைசி வேளையும் திருத்தி முடித்த பிறகுதான் அழித்தாள். மணி எட்டே கால். ஐந்தரைக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது.